20 இஞ்ச் ரிம்மைக் கழற்றிவிட்டு ஃபார்ச்சூனருக்கு எந்த அளவு டயர் போடுவது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பெங்களூருவில் 2018 மாடல் ஃபார்ச்சூனர் டீசல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டூ வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். முன்பு வைத்திருந்தவர் கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு 20 இஞ்ச் கறுப்பு அலாய் போட்டு, அதில் 265/50 ஆர்20 டயர் மாட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானும் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். கம்பெனி ரிம் எங்கே என்று கேட்டதற்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்.

போன மாதம் அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும்போது முன்பக்க இடது சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. சத்தம் பெரிதாக இருந்தது, ஆனால் காற்று இறங்கவில்லை, அப்படியே போய்விட்டோம். மறுநாள் கழுவும்போது பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ். மற்ற டயர்களையும் தடவிப் பார்த்ததில் பின்பக்கம் ஒன்றில் சின்னதாக இன்னொரு குமிழ் இருக்கிறது. அது எப்போது வந்தது என்று தெரியாது.

எங்கள் ஓட்டம் இப்படி: தினமும் தோப்புக்கு 4 கிலோமீட்டர் செம்மண் பாதை, அதில் கடைசிப் பகுதி கிரானைட் லாரிகள் போய்ப்போய் கல் பெயர்ந்து கிடக்கும். வாரம் ஒரு தடவை ஓசூர் வழியாக பெங்களூரு. மாதம் ஒரு தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரி, அதாவது தொப்பூர் இறக்கம். அப்பாவுக்கு 74 வயது, முதுகுத் தண்டில் தேய்மானம். இந்த வண்டியில் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகுகிறார், அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் 80க்கும் 100க்கும் நடுவில் ஸ்டியரிங் நடுங்குகிறது. மூன்று தடவை பேலன்சிங் செய்தும் போகவில்லை.

கடையில் ஒருவர் மறுபடி 20 இஞ்ச் டயரே போடச் சொல்கிறார். இன்னொருவர் 17 இஞ்ச் ரிம்மில் 285/65 போட்டால் வண்டி கெத்தாக நிற்கும் என்கிறார். மச்சான் 265/70 போடச் சொல்கிறான். எனக்குத் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தொப்பூர் கணவாய்:

அண்ணா, அளவெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் குமிழ் வந்த டயரோடு ஹைவேயில் ஏறாதீர்கள். சேலம் போக வேண்டுமென்றால் வாடகை வண்டி எடுங்கள்.

குமிழ் என்பது ரப்பர் வீங்கியது இல்லை. டயரின் பக்கச் சுவருக்குள் நூல் அடுக்கு இருக்கிறது, காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது அந்த நூல் அறுந்துவிடுகிறது. அப்புறம் அந்த இடத்தில் மேல் ரப்பர் மட்டும்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டுப் போட முடியாது, எந்தப் பஞ்சர் கடைக்காரர் முடியும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நல்ல வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வெடித்தால், அதுவும் முன் சக்கரமாக இருந்தால், வண்டி உங்கள் கையில் இருக்காது.

தொப்பூரில் இறங்கும்போது உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் லோடு லாரிகள் பிரேக் சூட்டோடு வந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் டயர் வெடிப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்காரன், அங்கே பார்த்ததெல்லாம் போதும் எனக்கு. ஸ்டெப்னி நன்றாக இருந்தால் இன்றைக்கே முன் டயரை மாற்றுங்கள், தோப்புக்கு மட்டும் மெதுவாகப் போய்வாருங்கள்.

---

ஆறு நட்டு (தர்மபுரி):

தர்மபுரியில் 22 வருஷமாக டயர் வேலைதான் செய்கிறேன். மேலே தம்பி சொன்னது நூறு சதவீதம் சரி.

இப்போது அளவுக்கு வருகிறேன். உங்கள் டூ வீல் டிரைவ் வண்டிக்கு கம்பெனி கொடுத்தது 265/65 ஆர்17. அதே வருஷத்து ஃபோர் வீல் டிரைவுக்குக் கொடுத்தது 265/60 ஆர்18. இரண்டுக்கும் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கு சுலபம்: 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். அதாவது 172 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 17 இஞ்ச் ரிம், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் 776 மி.மீ. வருகிறது. 265/60 ஆர்18க்குப் போட்டுப் பாருங்கள், 775 வரும். உங்களிடம் இருக்கிற 265/50 ஆர்20க்கு 773. மொத்த உயரம் சரியாகத்தான் இருக்கிறது, அதனால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் சுவர் எவ்வளவு என்று பாருங்கள். 17 இஞ்ச்சில் 172 மி.மீ., 18இல் 159, உங்கள் 20 இஞ்ச்சில் 132 சொச்சம். ரிம்மைக் குழியிலிருந்து காப்பாற்றுகிற ரப்பரும் காற்றும் ஒரு சக்கரத்துக்கு 40 மி.மீ. குறைந்துவிட்டது. குமிழ் வந்ததற்கும் அப்பா முனகுவதற்கும் காரணம் ஒன்றேதான்.

சுவரில் 265/50 ஆர்20க்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். 107 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 975 கிலோ. கம்பெனி 17 இஞ்ச் டயரில் 112 இருக்கும், அது 1120 கிலோ. ஏழு பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஜனங்கள் அளவை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள், இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்கு வருகிறேன். பேலன்சிங் மூன்று தடவை செய்தும் போகவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ரிம்மின் நடு ஓட்டை மேல்தான். ஃபார்ச்சூனரின் ஹப், அதாவது சக்கரம் உட்காருகிற மையம், 106 மி.மீ. வெளியில் விற்கிற ஆறு நட்டு அலாய்களில் நிறைய 110 மி.மீ. ஓட்டையோடு வரும், பல வண்டிகளுக்கும் பொதுவாகப் பொருந்தட்டும் என்று அப்படி வார்க்கிறார்கள். நடுவில் ஒரு ரிங் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். போடாவிட்டால் சக்கரம் ஹப்பின் மையத்தில் உட்காராமல் நட்டுகளை மட்டும் நம்பித் தொங்கும், இறுக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், நடுக்கம் வரும். பேலன்சிங் மெஷினில் ரிம்மை மையத்தில் கூம்பு வைத்துப் பிடிக்கிறோம், அதனால் அங்கே எல்லாம் சரியாகக் காட்டும். வண்டியில் மாட்டினால் மறுபடி ஆடும்.

இன்னொன்று ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம் அது. கம்பெனி ரிம் ஏழரை இஞ்ச் அகலம், ஆஃப்செட் 30. உங்கள் ரிம்மின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 9 இஞ்ச் அகலமும் ஆஃப்செட் 15உம் என்றால் சக்கரத்தின் வெளி விளிம்பு பழைய இடத்தைவிட 34 மி.மீ. வெளியே நிற்கிறது. பார்க்க அகலமாக இருக்கும். ஆனால் வீல் பேரிங் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் விழும், குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், சேறெல்லாம் கதவு மேல் அடிக்கும்.

285/65 ஆர்17 வேண்டாம். அதற்கு ரிம் குறைந்தது 8 இஞ்ச் அகலம் இருக்க வேண்டும், கம்பெனி ரிம் ஏழரைதான். மாட்டிக் கொடுக்கிற கடை இருக்கும், நான் மாட்ட மாட்டேன்.

---

பெண்ணையாறு:

நான் 265/70 ஆர்17 போட்டு இரண்டரை வருஷம் ஓட்டியவன், அதனால் உங்கள் மச்சான் பக்கத்தையும் சொல்கிறேன். என்னுடையது ஃபோர் வீல் டிரைவ், ஊத்தங்கரைப் பக்கம் குவாரி வேலை.

நல்லது என்னவென்றால் சுவர் 185 மி.மீ., கல் பாதையில் மெத்தை மாதிரி இருக்கும். மொத்த உயரம் 803 வருகிறது, அதில் பாதி, அதாவது 13 மி.மீ. வண்டி தரையிலிருந்து உயரும். எனக்கு அது பிடித்திருந்தது, குவாரிப் பாதையில் அடி தட்டுவது குறைந்தது.

ஆனால் சக்கரம் கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ஸ்பீடோ 100 காட்டும்போது நான் பழையபடி போவதைவிட மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போகிறேன். ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது 10,340 ஓடியிருக்கும், ஆயில் மாற்றுவதை அதற்குத் தகுந்தமாதிரி முன்கூட்டியே செய்துகொண்டேன். கியர் நீண்டுவிட்ட மாதிரி இழுவை கொஞ்சம் மந்தம், ஓவர்டேக் எடுக்கும்போது தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் லேசாக உரசியது, அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டினோம்.

எனக்குப் பெரிய பாடம் ஸ்டெப்னியில் கிடைத்தது. நாலு டயர் மாற்றினேன், காசைப் பார்த்து ஸ்டெப்னியைப் பழைய கம்பெனி அளவாகவே விட்டுவிட்டேன். ஒரு நாள் பின் டயர் கிழிந்தது, ஸ்டெப்னியை மாட்டினேன், குவாரியில் ஏற்றத்துக்காக ஃபோர் வீல் போட்டேன். இந்த வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், சக்கர அளவு வேறாக இருந்தால் ஒன்றை ஒன்று முறுக்கும். இறக்கத்தில் வந்து டூ வீலுக்கு மாற்றப் பார்த்தால் வரவே இல்லை, பின்னால் கொஞ்ச தூரம் எடுத்த பிறகுதான் விட்டது. மெக்கானிக் திட்டினார், நியாயமான திட்டுதான்.

உங்களுடையது டூ வீல் டிரைவ், பாதி ஓட்டம் ஹைவே, கூட வயதானவர். நானாக இருந்தால் 265/65க்கே போவேன்.

---

மாந்தோப்பு:

எல்லோருக்கும் மனசார நன்றி. இன்று முன் டயரை மாற்றிவிட்டேன். ரிம்மின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன்: 9 இஞ்ச், ஆஃப்செட் 15, நடு ஓட்டை 110 என்றே எழுதியிருக்கிறது, ரிங் எதுவும் இல்லை. ஆறு நட்டு அண்ணா பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். டயரில் எண் 107.

இரண்டு சந்தேகம். தெரிந்தவர் ஒருவர் ஃபோர்டு எண்டெவர் வண்டியின் 18 இஞ்ச் ரிம் நாலு வைத்திருக்கிறார், அதுவும் ஆறு நட்டுதான், குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இரண்டாவது, 17ஆ 18ஆ, எல்லாப் பாதைக்கும் ஆகிற ஏடி டயரா, ரோட்டுக்கான ஹெச்டி டயரா?

---

ஆறு நட்டு (தர்மபுரி):

எண்டெவர் ரிம் வேண்டாம். நட்டுகள் இருக்கிற வட்டத்தின் விட்டம் இரண்டுக்கும் 139.7 மி.மீ. தான், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் அதன் நடு ஓட்டை 93 மி.மீ., உங்கள் ஹப் 106. உள்ளேயே போகாது. லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள், அலாய் ரிம்மின் நடுவைக் கடைவது உயிரோடு விளையாடுவது. அதோடு அதன் ஆஃப்செட் 55, சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனை உரசும், அதற்கு இடையில் வைக்கிற ஸ்பேசர் தட்டு என்பார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றாக இழுத்துக்கொண்டே போகும். இன்னோவா கிரிஸ்டா ரிம் ஐந்து நட்டு, அதுவும் ஆகாது. ஃபார்ச்சூனரின் கம்பெனி ரிம்மோ ஹைலக்ஸ் ரிம்மோ தேடுங்கள். புது வண்டி எடுத்த கையோடு ரிம் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் கழற்றிப் போட்டது பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். வாங்கும்போது ரிம்மின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், வெல்டு வைத்திருந்தால் பெயிண்ட்டுக்கு அடியில் மேடு தட்டும். பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், விளிம்பு ஆடினால் வேண்டாம்.

நட்டை மறக்காதீர்கள். டொயோட்டாவின் கம்பெனி அலாய்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு, வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. உங்களிடம் இப்போது இருப்பது கூம்பாகத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் தட்டை இருக்கையில் இறுக்கினால் இறுகிய மாதிரி தெரியும், ஓடஓடத் தளரும். ரிம்மோடு சேர்த்து அதற்கான நட்டையும் கேட்டு வாங்குங்கள்.

17ஆ 18ஆ என்றால் 17 தான், இரண்டாவது யோசனையே வேண்டாம். 13 மி.மீ. சுவர் கூடுதல், உங்கள் வண்டிக்கு முதலிலேயே வந்த அளவு, டயரும் எங்கும் கிடைக்கும்.

ஏடியா ஹெச்டியா என்பதற்கு நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். ஹெச்டி என்பது ரோட்டு டயர், சத்தம் குறைவு, மழையில் தார் ரோட்டில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஏடியில் தரையில் படுகிற ரப்பர் பட்டன் பெரிது, இடைவெளி அகலம், செம்மண் சேறு ஒட்டிக்கொள்ளாமல் உதிரும், பொதுவாகக் கல் வெட்டுக்குத் தாங்கும். உங்களுக்குத் தினமும் கல் பாதை இருக்கிறது, அதனால் ஏடி, ஆனால் ரோட்டுக்கும் ஆகிற மாதிரி சாந்தமான ஏடி. யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 மாதிரி. சேற்றுக்கான முரட்டு எம்டி டயர் பக்கம் போகாதீர்கள், ஓசூர் வரை லாரி சத்தம் காதில் இருக்கும். அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று எழுதியிருந்தால் அது லாரி வகை, சுவர் தடிப்பு, எடை கூடுதல், அதே பாரத்துக்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். அப்பாவின் முதுகுக்கு அது ஆகாது.

வாங்கும்போது டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. ஐந்தும் ஒரே சமயத்தில் தயாரானதாக இருந்தால் நல்லது. காற்று, டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிறபடி, காலையில் டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். வெயிலில் ஓடி வந்து அளந்தால் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

---

ராயக்கோட்டை:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பெரிய டயர், வெளியே துருத்துகிற ரிம் போட்டிருந்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒரு கிளெய்முக்காக மாதக் கணக்கில் அலைந்தது. கம்பெனி அளவுக்குத் திரும்புவதால் உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

---

மாந்தோப்பு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஜே.சி. ரோட்டில் முதலில் காட்டிய செட்டில் ஒரு ரிம்மின் உள்பக்கம் விரல் தடவியபோது மேடு தட்டியது. கேட்டதற்குக் கடைக்காரர் பேச்சை மாற்றினார், வெளியே வந்துவிட்டேன். அடுத்த தெருவில் ஃபார்ச்சூனரின் கம்பெனி 17 இஞ்ச் ரிம் ஐந்து கிடைத்தது, மெஷினில் சுற்றிப் பார்த்தே வாங்கினேன், நட்டும் அதற்குரியது. டயர் 265/65 ஆர்17, ஏடி, 112, ஐந்தும் ஒரே மாதத் தயாரிப்பு. ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்றிவிட்டேன், பெண்ணையாறு அண்ணா சொன்னது மனசில் நின்றது.

பழைய 20 இஞ்ச் சக்கரத்தையும் இதையும் தூக்கிப் பார்த்தேன், எடை வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. 80, 100, 110 எதிலும் நடுக்கம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சேலம் போனோம். தொப்பூரில் இரண்டாவது கியரில் வைத்து மெதுவாக இறங்கினேன், சுங்கச்சாவடி தாண்டி அப்பா ஒன்றும் பேசவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தார் ரோட்டில் லேசான ஒரு உறுமல் இருக்கிறது, ஏடி டயரின் சத்தம். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

---

ஆறு நட்டு (தர்மபுரி):

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. புது ரிம் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆறு நட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து ஒரு தடவை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், செய்யாவிட்டால் இந்த வழியாக வரும்போது கடைக்கு வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன். அந்தக் குமிழ் டயர் இரண்டையும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். யாராவது மேலே பெயிண்ட் அடித்து வேறொரு குடும்பத்துக்கு மாட்டிவிடுவார்கள்.

---

மாந்தோப்பு:

நாளைக் காலையில் வருகிறேன் அண்ணா. அந்த இரண்டு டயரையும் நேற்றே பக்கவாட்டில் அறுத்துவிட்டோம்.